பதிவில் இருந்த தோள்

தண்டபாணி கையெழுத்துப் போட்டால் அந்தப் பம்ப் பத்து வருடம் ஓடும் என்று பீளமேட்டுப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. இருபத்தாறு வருடமாக ஒரே தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். ஒரு தண்டு தலைமுடியளவு கோணியிருந்தாலும் ஈவிரக்கமில்லாமல் ஒதுக்கித் தள்ளுவார். தன் கண்ணால் பார்க்காத எதற்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் தன் சொந்தத் தோள் விஷயத்தில், பொய் என்று தெரிந்தே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அதுவும் ஒரு ராகு காலத்துக்குப் பயந்து.

கிடங்குப் படியில் யாரோ எண்ணெயைச் சிந்திவிட்டுப் போயிருந்தார்கள். வழுக்கி விழுந்ததில் வலது தோள் மூட்டு நழுவியது. ஆஸ்பத்திரியில் அதைத் திருப்பி உள்ளே தள்ளி, மூன்று வாரம் கழுத்தில் பட்டை மாட்டிக் கையைத் தொங்கவிட்டார்கள். பட்டையைக் கழற்றிய மறுநாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து சூட்டுப் பலகை வந்து இறங்கியது. அந்த வருடங்களில் தசையில் காயம், மூட்டில் காயம் என்றால் யாரும் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடப்பதில்லை. பலகை வீட்டுக்கே வரும். ஆறு வாரம் அதன் முன்னால் நின்று, அது சொன்ன பயிற்சியைச் செய்து, அது சரி என்று சொன்னால்தான் மறுபடி வேலைக்குப் போக முடியும்.

ஆளுயரக் கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. அதைக் கூடத்துச் சுவரில் மாட்டிய ஆள் நிறையப் பேசுகிறவர்.

"எல்லா உடம்பும் சூட்டை வெளிய விட்டுட்டே இருக்கும் சார். அகச்சிவப்பு, நம்ம கண்ணுக்குத் தெரியாது. இது அதைப் படிச்சிடும். எந்தத் தசை வேலை செய்யுது, எந்த எடம் வீங்கியிருக்கு, எல்லாம் கண்டுபிடிச்சு, வேண்டிய எடத்துக்கு மட்டும் சூட்டைக் குடுக்கும். தசை இளகினதும் பயிற்சி சொல்லும்."

"கேமரா இருக்குதுங்களா?" என்று கேட்டார் தண்டபாணியின் மனைவி கோகிலவாணி.

"வீட்டுக்குள்ள கேமரா வெக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கேம்மா. இதுக்கு மூஞ்சி தெரியாது. உடம்புல ரத்தம் ஓடற வழி ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. அதை வெச்சுத்தான் ஆளை அடையாளம் வெச்சுக்கும். சார், நீங்க அஞ்சு நிமிஷம் முன்னால நில்லுங்க. பச்சை விளக்கு எரிஞ்சா பதிவு முடிஞ்சுதுன்னு அர்த்தம். நான் வண்டியில இருந்து இழுக்கற பட்டையை எடுத்துட்டு வந்துடறேன்."

அவர் படியிறங்கியதும் கோகிலவாணி நாள்காட்டியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. மணி மூன்றேகால்.

"ஏனுங்க, சித்த பொறுங்க. நாலரை வரைக்கும் ராகு காலம். உடம்புக்குன்னு புதுசா ஆரம்பிக்கற காரியம், இப்பவா போய் நிப்பீங்க?"

"அந்தாளு அடுத்த வீட்டுக்குப் போகோணும்னு அவசரப்படறான், கோகிலா."

"அப்ப வேற ஆராச்சும் நிக்கட்டும். நீங்க பொறவு நின்னுக்கலாம். மயிலாத்தா, கையத் தொடச்சுட்டு இங்க வா."

மயிலாத்தாள் அந்த வீட்டில் ஒன்பது வருடமாகப் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வீடு துடைக்கிறவர். நாற்பத்தாறு வயது. எதற்கு, ஏன் என்று கேட்காமல் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பலகை முன்னால் போய் நின்றார். ஐந்தாவது நிமிடம் பச்சை விளக்கு எரிந்தது.

பதிவு என்ற சொல் தண்டபாணியின் காதில் விழாமல் இல்லை. அவர் ஒன்றும் புரியாத ஆளும் இல்லை. ஆனால் தோள் நழுவிய நாளிலிருந்து மனதில் ஒரு பயம் குடியேறியிருந்தது. அந்தப் பயத்தில், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டார். பட்டையோடு திரும்பி வந்த ஆள் விளக்கைப் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். 'பதிவு செய்யப்பட்டவர் நானே' என்று அதில் இருந்தது. தண்டபாணி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

நாலரைக்கு மேல் நெற்றியில் திருநீறெல்லாம் பூசிக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு அவர் போய் நின்றார். பலகை செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது: "நீங்கள் பதிவில் உள்ளவர் அல்ல. தயவுசெய்து விலகி நிற்கவும்."

கோகிலவாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்டபாணிக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அவரும் போனைக் கையில் எடுத்தார். ஆனால் என்ன சொல்வது? இரண்டு வருடம் முன்பு, ராகு காலம் முடியட்டும் என்று புது லேத்தை அரை மணி நேரம் ஓட்டாமல் வைத்திருந்த ஷிப்ட் போர்மேனை அவர் எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்துக் கேட்டிருந்தார். மெமோவும் கொடுத்திருந்தார். "இது தொழிற்சாலையா, ஜோசியர் வீடா?" என்று அவர் கேட்டதைக் கேன்டீனில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். தண்டபாணி வீட்டில் ராகு காலத்துக்குப் பயந்து வேலைக்காரம்மாவை நிற்கவைத்தார்கள் என்ற சேதி அந்தக் கேன்டீனுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். போனைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வெகு சுலபமாக நடந்தது. தினம் காலை பதினொரு மணிக்கு மயிலாத்தாள் பலகை முன்னால் நாற்பது நிமிடம் நிற்பார். கண்ணாடி மங்கலாகச் சிவக்கும். பத்து நிமிடம் வெறும் சூடு. பிறகு அந்தக் குரல் கையைத் தூக்கச் சொல்லும், இறக்கச் சொல்லும், பக்கத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் பட்டையை இழுக்கச் சொல்லும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், "வலி உள்ளதா?" என்று கேட்கும்.

"அது என்ன கேட்டாலும் வலி இல்லைன்னு சொல்லீரு. அப்பத்தான் ஐயா வெரசா வேலைக்குப் போக முடியும்" என்று கோகிலவாணி முதல் நாளே சொல்லிவைத்திருந்தார். சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தண்டபாணி அதைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவருடைய தோள் தானாகவே தேறி வந்தது. வயதுக்கு மீறிய நல்ல உடம்பு. பலகையை ஏமாற்றுகிறோம் என்பதுகூட நாளாக ஆக மறந்துபோனது. பத்தாம் நாளில் பட்டையின் இறுக்கம் கூடியது. பதினைந்தாம் நாளில் இன்னும் கூடியது. எண்பத்தைந்து கிலோ எடையுள்ள ஓர் ஆம்பளைக்கென்று போட்ட கணக்கு அது. இழுத்தது ஐம்பது கிலோகூட இல்லாத மயிலாத்தாள்.

இருபத்துமூன்றாம் நாள் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை விட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார். இடது கை வலது தோளைப் பிடித்திருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. தண்டபாணி பார்த்தார்.

"வலி உள்ளதா?" என்றது பலகை.

மயிலாத்தாள் மூச்சை இழுத்துவிட்டு, "இல்லீங்க" என்றார். பிறகு எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனார். தண்டபாணி பேப்பரில் விட்ட இடத்தைத் தேடினார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பிசியோதெரபிஸ்ட் நிலோபர் போன் செய்தார். சின்ன வயதுப் பெண்ணின் குரல். பேச்சில் அக்கறை இருந்தது.

"தண்டபாணி சார், நீங்க வலியை மறைக்கிறீங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்களே."

"வெப்பப் படம் என் முன்னால இருக்கு சார். வலது தோள்ல ஒரு தசைநார் கிழிஞ்சிருக்கு. ரெண்டு நாளா அந்த எடம் கொதிக்குது, கை பாதிக்கு மேல தூக்கவே இல்ல. ஆனா நீங்க வலி இல்லைன்னே சொல்றீங்க. உங்களை மாதிரி தைரியசாலியை நான் பார்த்ததில்ல. ஆனா இது தைரியம் காட்டற விஷயம் இல்ல சார். ரெண்டு வாரத்துக்குள்ள தெச்சாத்தான் ஒட்டும். விட்டா நார் சுருங்கிடும். அப்புறம் கை தோளுக்கு மேல போகாது, ஆயுசுக்கும். ஆபரேஷனுக்கு நான் எழுதிடறேன்."

அவர் பேசப் பேச, தண்டபாணி தன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார். ஒரு வலியும் இல்லாமல் ஜம்மென்று போனது. அடுக்களையில் மயிலாத்தாள் இடது கையால் குக்கரைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசித்தது பன்னிரண்டு நாள். இந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றிப் பிற்பாடு தண்டபாணி யாரிடமும் பேசியதில்லை. எப்படிப் பேசுவார்? தினமும் காலையில் எழுந்ததும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். குளித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லாமலிருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். பொய்யாகக் கையெழுத்துப் போட்டவன் இனி எந்தப் பம்ப்பில் கையெழுத்துப் போடுவது? அவருக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். மயிலாத்தாளுடையது ஒன்பது வருடமாக இங்கேயும், அதற்கு முன்னால் எத்தனையோ வீட்டிலும் துவைத்துப் பிழிந்த கை. அது எப்போதோ நைந்துபோயிருக்கும், பலகை இப்போது கண்டுபிடித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்தக் கடைசி எண்ணம் அவருக்கு ரொம்ப ஒத்தாசையாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்.

மயிலாத்தாளிடம், "இனிமே பயிற்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

"சூட்டுல மட்டும் சித்த நேரம் நின்னுக்கறேனுங்க ஐயா. நின்னா தோளுக்கு எதமா இருக்குதுங்க" என்றார் மயிலாத்தாள். அந்தத் தெருவில் அவர் வேலை செய்யும் மற்ற வீடுகளில், எங்க ஐயா வீட்டு மிசினில் எனக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் தண்டபாணியை வழியில் நிறுத்தி, "உங்க மாதிரி மனசு ஆருக்குங்க வரும்?" என்றார். தண்டபாணி அவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பைச் சரிசெய்துகொண்டார்.

பன்னிரண்டாம் நாள் மயிலாத்தாள் தலைமுடியை விரித்துப் போட்டபடி வேலைக்கு வந்தார். வந்தவர் கூச்சத்தோடு கோகிலவாணியிடம் போய் முதுகைக் காட்டி நின்றார்.

"அம்மா, ஒரு கொண்டை போட்டுவுடுங்க. பொண்ணு காலையிலயே மில்லுக்குப் போயிட்டா. எனக்குக் கை பின்னால போக மாட்டேங்குது."

கோகிலவாணி கொண்டை போட்டுவிட்டார். போட்டுவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். தண்டபாணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிலோபருக்குப் போன் போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னார். ராகு காலத்திலிருந்து ஆரம்பித்தார். போர்மேனுக்குக் கொடுத்த மெமோவைக்கூட விடவில்லை. சொல்லி முடித்தபோது, இத்தனை நாள் அவமானத்தில் சுருண்டு கிடந்த மனது லேசானது போலிருந்தது. கடைசியில் நியாயமாக நடந்துகொண்டோம் என்ற நினைப்பும் எட்டிப்பார்த்தது.

நிலோபர் முதலில் மயிலாத்தாளின் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"அந்தம்மா உடனே ஸ்கேனுக்குப் போகணும் சார். நான் ஏற்பாடு பண்றேன்."

"பாவம், பல வருசமா துவைச்ச கை. எப்ப நைஞ்சுதோ. நம்ம பலகையில பட்டதனாலதான் தெரிஞ்சுது" என்றார் தண்டபாணி.

"ஒரு நிமிஷம் இருங்க." விசை தட்டும் சத்தம் கேட்டது. "முதல் நாள் படத்தைப் பார்க்கறேன். பதிவு பண்ணினப்ப எடுத்தது… சார், அன்னிக்கு இந்தத் தோள் நல்லா இருந்திருக்கு."

"அப்படின்னா?"

"ஒரு சின்ன வீக்கம்கூட இல்ல. பத்தாம் நாளுக்கு மேலதான் சூடு ஏற ஆரம்பிக்குது. மூட்டு நழுவின தோள் ஆறும்போது சூடாத்தான் இருக்கும். அதனால குணமாகுதுன்னு பலகை நினைச்சிடுச்சு. வலி இல்லைன்னு வேற பதில் வந்துட்டே இருந்துச்சா, பட்டையை இறுக்கிட்டே போயிருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "அந்தம்மா உங்க வீட்டுக்கு நல்ல தோளோடதான் சார் வந்தாங்க."

தண்டபாணி போனைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். அவர் பிடித்துக்கொண்டு தூங்கிய அந்த ஒரே எண்ணமும் போய்விட்டது. தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்த மயிலாத்தாளின் வெளுத்த முகம்தான் கண்முன் நின்றது.

விஷயம் இன்ஷூரன்ஸ் கம்பெனி வழியாகத் தொழிற்சாலைக்குப் போயிற்று. வேலை போகும் என்றுதான் நினைத்தார். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்துக்கொண்டதுண்டு. தொழிற்சாலை மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, "எழுத்துல எதையும் குடுத்துத் தொலைக்காதீங்க, தண்டபாணி. பலகைக்காரன் ஆளைச் சரிபார்க்காமப் பதிவு பண்ணினது அவன் தப்பு. கருவிக் கோளாறுன்னு எழுதிக்கறோம்னு இன்ஷூரன்ஸ்காரங்களே சொல்லிட்டாங்க. அந்தம்மா வைத்தியத்தையும் அவங்களே பார்த்துக்குவாங்க. உங்க பேரு எங்கயும் வராது" என்றார். சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தார். "ராகு காலமாமே?"

ஆபரேஷன் நடந்தது. தைத்த டாக்டர் கோகிலவாணியிடம், பத்து நாள் முன்னால் வந்திருந்தால் முழுசாகக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். வலி போய்விடும், கை மார்பளவுக்கு வரும், அதற்குமேல் தூக்க முடியாது. துணி பிழிவது, பாத்திரக் கூடை தூக்குவது எல்லாம் இனிமேல் நடக்காத காரியம்.

மயிலாத்தாள் வீடு திரும்பிய மூன்றாம் நாள் சாயங்காலம் தண்டபாணி சவுரிபாளையத்துக் குடியிருப்புக்குப் போனார். இந்த முறை யாருடைய பார்வையும் அவரைத் தள்ளவில்லை. நேரில் சொல்லிவிட வேண்டும், காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

ஒற்றை அறை வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே நாற்காலியில் மயிலாத்தாள். வலது கை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. தண்டபாணியைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"இவருதானுங்க எங்க ஐயா" என்று எல்லோரிடமும் சொன்னார். "இவரு வூட்டு மிசினுதான் என் கையில கோளாறு இருக்குதுன்னு கண்டுபுடிச்சுது. ஆஸ்பத்திரிச் செலவு முச்சூடும் அவங்களே பார்த்துக்கிட்டாங்க."

"நல்லா இருக்கோணுமுங்க நீங்க" என்றார் ஒரு வயதான அம்மா. "வேலைக்காரின்னு நெனைக்காம தன் மிசினுல நிக்க வெக்கறதுக்கு ஒரு மனசு வேணுமுங்க."

தண்டபாணி கையை ஆட்டி மறுத்தார். "இல்லீங்க" என்றார். "மயிலாத்தா, நான் ஒண்ணு சொல்லோணும். எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிடறேன். அந்த மிசினு முன்னால உன்னைய…"

"பொன்னக்கா" என்று மயிலாத்தாள் குறுக்கே கூப்பிட்டார். "ஐயா வெயில்ல வந்திருக்கறாரு. டீ வெய்யுங்க. பாலு தீர்ந்துபோச்சு. நீங்க எல்லாரும் சித்த வெளிய இருங்க கண்ணு, வூட்டுக்குள்ள காத்தே இல்ல."

பெண்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். பொன்னக்கா சொம்பை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனார். மயிலாத்தாள் வாசலைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எனக்குத் தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"என் தோளு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா? பட்டையை இழுக்கும்போது உள்ள படக்குன்னு விட்டுச்சு. உக்காந்துட்டேன். நீங்க பார்த்துட்டுத்தான இருந்தீங்க."

தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

"பொறவு உங்களுக்குப் போன் வந்துச்சு. அம்மாகிட்ட நீங்க மெல்லமாச் சொன்னது அடுக்களைக்குக் கேக்காதுங்களா? இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு இருந்தேன். நானாக் கேட்டா உங்க மூஞ்சி என்னமோ மாதிரி ஆயிருமேன்னு கேக்கலீங்க."

"இப்பச் சொல்லிடறேன் மயிலாத்தா. இவங்க எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். என் தப்புன்னு."

"வேண்டாமுங்க." முதல் தடவையாக அவர் குரலில் கடுமை ஏறியது. "ஒம்பது வருசமா நல்ல வூட்டுல வேலை செய்யறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவ நான். ஆருக்கோ பதிலா செவுத்து முன்னால நின்னு கையைப் போக்கிக்கிட்ட கிறுக்கின்னு இவங்க வாயில விழோணுங்களா? பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கறோம். உங்க மனசுல இருக்கற பாரத்தை எறக்கி வெக்க என் வூடுதான் கெடைச்சுதுங்களா?"

தண்டபாணி அங்கே கிடந்த பாயில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவருக்கு அதற்கும் இடமில்லாமல் போயிற்று. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு அத்தனை பெண்களும் நின்றார்கள்.

பால் வந்தது. டீ கொதித்தது. பெண்கள் ஒவ்வொருவராக மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பொன்னக்கா டம்ளரை அவரிடம் நீட்டப் போனபோது மயிலாத்தாள், "இங்க குடுங்க, எங்க ஐயாவுக்கு நான் குடுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இடது கையில குடுக்கறேன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க ஐயா" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி.

தண்டபாணி எழுந்து நின்று, இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டார்.